காற்றுமானி எண்ணிக்கை: சிமுலேஷனில் சரி, எஃப்பிஜிஏ போர்டில் தப்பு. எங்கே கோளாறு?

வள்ளியூர்_ஈசிஇ

எல்லோருக்கும் வணக்கம். ஈசிஇ கடைசி வருடம் படிக்கிறேன். வீடு வள்ளியூர் பக்கம். ஆனி, ஆடி வந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் நின்றால் நாலு பக்கமும் காற்றாலைதான். அதனால் ப்ராஜெக்டுக்கு ஒரு காற்றுமானி வாங்கி மாடியில் மாட்டி, அதன் வேகத்தை எஃப்பிஜிஏவில் (நாம் எழுதுகிற சர்க்யூட்டாக மாறிக்கொள்ளும் சிப்) எண்ணிக் காட்டலாம் என்று எடுத்தேன். மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலைதானே என்று கைடு கேட்டார். எனக்கு வெரிலாக் (சர்க்யூட்டை எழுதும் மொழி) கைக்கு வர வேண்டும், படிப்பு முடிந்ததும் சிப் டிசைன் வேலைக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் இந்த வழி.

சாமான் விவரம்: மூன்று கிண்ணம் சுற்றுகிற சாதாரணக் காற்றுமானி. உள்ளே ஒரு காந்தமும் ரீட் சுவிட்சும். சுவிட்ச் நொடிக்கு ஒரு தடவை மூடினால் காற்று மணிக்கு 2.4 கிலோமீட்டர் என்று டேட்டாஷீட் சொல்கிறது. போர்டு டாங் நானோ 9கே, அதில் 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக். எழுதியதைச் சர்க்யூட்டாக்கும் சிந்தசிஸுக்கு யோசிஸ், அதைச் சிப்பில் இடம் வைத்துக் கம்பி இழுக்கும் பிளேஸ் அண்ட் ரூட்டுக்கு நெக்ஸ்ட்பிஎன்ஆர், சிமுலேஷனுக்கு இக்காரஸ், வேவ்ஃபார்ம் பார்க்க ஜிடிகேவேவ். எல்லாம் இலவச டூல்கள்.

போனில் எழுதுவதால் வெரிலாக் கோடு முழுவதையும் போடாமல் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வெர்ஷன்: சுவிட்ச் சிக்னல் 0இல் இருந்து 1க்கு ஏறும் பாஸெட்ஜில் ஓர் ஆல்வேஸ் பிளாக். அதற்குள் எண்ணிக்கை ஒன்று கூடும். இன்னோர் ஆல்வேஸ் பிளாக் 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 2.7 கோடி வரை எண்ணி, ஒரு நொடி ஆனதும் எண்ணிக்கையை டிஸ்ப்ளே ரெஜிஸ்டரில் பிடித்துக்கொண்டு க்ளியர் அனுப்பும். சிமுலேஷனில் அச்சாக வந்தது. போர்டில், கிண்ணத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினால் 1 வர வேண்டிய இடத்தில் 3, 5, சில நேரம் 9 கூட வருகிறது.

சீனியர் ஒருவர் சுவிட்சைக் கிளாக்காகப் பயன்படுத்தாதே என்றார். அதனால் இரண்டாவது வெர்ஷன்: எல்லாம் 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில். மூன்று நிலை உள்ள ஸ்டேட் மெஷின், ஒன்-ஹாட் (நிலைக்கு ஒரு பிட், ஒரு நேரத்தில் ஒன்றுதான் 1). "காத்திரு", "எண்ணு", "விடும்வரை நில்". சுவிட்ச் பின்னை நேராக அதற்குக் கொடுத்தேன். இதுவும் சிமுலேஷனில் சரி. போர்டில் எண்ணிக்கை முன்போலவே கூடுதலாக வருகிறது, அதோடு புதிதாக ஒரு சிக்கல். காற்றுமானியைக் கழற்றிவிட்டு லேபில் ஃபங்ஷன் ஜெனரேட்டரை மாட்டி 8 ஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்துப் பார்த்தேன். 8 என்று ஒழுங்காகக் காட்டுகிறது. கொஞ்ச நேரம் ஆனதும் 0 ஆகிவிடும். அப்புறம் ரீசெட் அழுத்தும்வரை 0தான்.

சிந்தசிஸ் எரர் எதுவும் இல்லை. டிஸ்ப்ளே டிகோடரில் லாட்ச் என்று ஒரு வார்னிங் மட்டும் வருகிறது. போர்டு கெட்டுப்போய்விட்டதா? இல்லை சிமுலேஷனை நம்பியது தப்பா?

சந்திப்பு_சர்வீஸ்

தம்பி, போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரீட் சுவிட்ச் என்றால் இரண்டு மெல்லிய தகடு. காந்தம் கிட்டே வந்ததும் ஒட்டும், ஒட்டின வேகத்தில் துள்ளும். ஒரு தடவை மூடுவதற்குள் பல தடவை திறந்து மூடும். மீட்டர் கண்ணுக்கு அது தெரியாது, உங்கள் 27 மெகாஹெர்ட்ஸ் கண்ணுக்கு ஒவ்வொன்றும் தெரியும். 10 கே ரெசிஸ்டர், 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, அதற்குப் பின்னால் ஒரு 74எச்சி14 ஷ்மிட் ட்ரிக்கர் (மெதுவாக மாறும் சிக்னலைச் சுத்தமான 0, 1 ஆக்குவது) கொடுங்கள். ஒரு மில்லிசெகண்ட் வடிகட்டல் கிடைக்கும். அதோடு வெரிலாக்கில் 20 மில்லிசெகண்ட் டீபவுன்ஸ் (சிக்னல் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தால்தான் ஏற்பது) போட்டால் சரியாகிவிடும். பட்டனுக்கு எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்.

குறுக்குத்துறை

தம்பி, பாளையங்கோட்டையில் இருந்து ஓர் அக்கா எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பல வருடம் சிப் வெரிஃபிகேஷன் பார்த்துவிட்டு, இப்போது வீட்டில் இருந்தே அதே வேலையைச் செய்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த வேலையில் எல்லோரும் கடக்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

காற்றுமானியைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை மாட்டினீர்களே, அது அருமையான காரியம். அதனால்தான் இங்கே இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு என்று தெரிகிறது. ரீட் சுவிட்ச் துள்ளுவது ஒன்று. அதை அண்ணாச்சி மேலே சரியாகச் சொல்லிவிட்டார். ஜெனரேட்டர் துள்ளாது, ஆனாலும் டிசைன் தொங்குகிறது. அது வேறு.

தொங்குவதை முதலில் பார்ப்போம். ஒரு தாளை எடுத்து உங்கள் ஸ்டேட் மெஷினின் மூன்று ஃபிளாப்பையும் (கிளாக் அடிக்கும்போது ஒரு பிட்டைப் பிடித்து வைப்பது) வரையுங்கள். "காத்திரு" நிலையில் அதன் ஃபிளாப்பில் மட்டும் 1 இருக்கிறது. சுவிட்ச் 1 ஆனால் "காத்திரு" ஃபிளாப் 0 ஆக வேண்டும், "எண்ணு" ஃபிளாப் 1 ஆக வேண்டும். இந்த முடிவை இரண்டு ஃபிளாப்பும் தனித்தனியாக எடுக்கின்றன. சுவிட்ச் பின்னில் இருந்து ஒன்றுக்குப் போகிற கம்பி குட்டை, இன்னொன்றுக்குப் போகிறது நெட்டை. ஜெனரேட்டரின் அலைக்கும் உங்கள் கிளாக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதனால் ஏதோ ஒரு சமயம் அலை கிளாக் விளிம்பை ஒட்டி மாறும். அந்தக் கணத்தில் "காத்திரு" ஃபிளாப் புதிய 1ஐப் பார்த்துவிட்டு 0 ஆகிவிடுகிறது. "எண்ணு" ஃபிளாப்புக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, அது பழைய 0ஐப் பார்த்துவிட்டு 0 ஆகவே இருக்கிறது. இப்போது மூன்றிலும் 0. அந்த நிலையில் இருந்து வெளியே வர நீங்கள் வழியே எழுதவில்லை. ரீசெட் அழுத்தும்வரை அப்படியே கிடக்கும். உங்கள் கிளாக்கின் ஒரு சுற்று 37 நானோசெகண்ட். கம்பி வித்தியாசம் ஒரு நானோசெகண்ட் இருந்தாலே போதும், பல விளிம்புகள் போனால் ஒன்று அதில் மாட்டும். கொஞ்ச நேரம் சரியாக ஓடிவிட்டுத் தொங்குவது அதனால்தான்.

சிமுலேஷனில் ஏன் வரவில்லை? எழுதிய கோடை மட்டும் ஓட்டுகிற ஆர்டிஎல் சிமுலேஷனில் கம்பிக்கு நீளமே கிடையாது. சுவிட்ச் மாறினால் இரண்டு ஃபிளாப்புக்கும் அதே கணத்தில் தெரியும். போதாததற்கு, டிசைனுக்கு உள்ளீடு கொடுத்துச் சோதிக்கிற உங்கள் டெஸ்ட் பெஞ்சில் சுவிட்சை எப்படி மாற்றினீர்கள்? கிளாக் சுற்றின் மடங்காக ஒரு டிலே போட்டு, அழகாக 1, அழகாக 0 என்று எழுதியிருப்பீர்கள். அப்படி ஒழுக்கமான காற்று வள்ளியூரில் எங்கே அடிக்கிறது? சிமுலேட்டர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் கொடுத்த உலகத்தில் டிசைன் சரியாகத்தான் வேலை செய்தது. கொடுத்த உலகம்தான் ரொம்பச் சுத்தம்.

இதற்கு மருந்து: வெளியில் இருந்து வருகிற சிக்னல் டிசைனுக்குள் ஒரே ஒரு ஃபிளாப் வழியாகத்தான் நுழைய வேண்டும். அதன் பின்னால் உடனே இன்னொரு ஃபிளாப். டபுள் ஃபிளாப் சிங்க்ரனைஸர் என்று வேலையிடத்தில் சொல்வோம். முதல் ஃபிளாப் கிளாக் விளிம்பை ஒட்டிய செட்டப், ஹோல்ட் நேரத்தில் மாட்டி 0ம் இல்லாமல் 1ம் இல்லாமல் தடுமாறலாம், அதுதான் மெட்டாஸ்டபிலிட்டி. தடுமாறினாலும் ஒரு பக்கம் சாய்வதற்கு அதற்கு ஏறக்குறைய 37 நானோசெகண்ட் முழுசாகக் கிடைக்கிறது. இந்த வேகத்துக்கு அது தாராளம். இரண்டாவது ஃபிளாப்பின் வெளியீட்டை மட்டும் மற்ற லாஜிக் பார்க்கட்டும். முதல் ஃபிளாப்பின் வெளியீட்டை வேறு எங்கும் இழுக்கவே கூடாது. ஸ்டேட் மெஷினுக்கு டிஃபால்ட் வழியும் எழுதி, தெரியாத நிலைக்குப் போனால் "காத்திரு"வுக்குத் திரும்பச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், டிஃபால்ட் மட்டும் போட்டுவிட்டு சிங்க்ரனைஸரை விட்டுவிட்டால் தொங்கல் மறையும், எண்ணிக்கையில் ஒன்று எங்கேயோ விழுந்துபோயிருக்கும். அது தொங்கலைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது.

முதல் வெர்ஷனையும் அப்படியே தூக்கிப் போடாதீர்கள், அதில் கற்க வேண்டியது இருக்கிறது. பாஸெட்ஜ் என்று எழுதினால் அந்தக் கம்பி கிளாக் ஆகிவிடுகிறது. அண்ணாச்சி சொன்ன துள்ளல் ஒவ்வொன்றும் ஒரு கிளாக் அடி. டைமிங் டூலுக்கும் அந்தக் கிளாக்கின் வேகம் என்ன என்று தெரியாது. இன்னொன்று: ஒரு கிளாக்கில் மாறுகிற எண்ணிக்கையை வேறு கிளாக்கில் படிக்கிறீர்கள். 7 என்பது 0111, 8 என்பது 1000. நான்கு பிட்டும் ஒரே சமயத்தில் மாற வேண்டும், ஆனால் ஒன்றுக்கொன்று முன்னே பின்னே மாறும். நடுவில் படித்தால் 0000 கிடைக்கலாம், 1111 கிடைக்கலாம். நொடிக்கு ஒரு முறை படிக்கிற உங்கள் டிசைனில் இது வருடக்கணக்கில் தலைகாட்டாமலே போகலாம். இரண்டு வேகமான கிளாக் உள்ள சிப்பில் பவர் போட்ட உடனே வரும். ஒரு கிளாக்கில் இருந்து இன்னொன்றுக்கு டேட்டாவை வரிசையாகக் கடத்தும் ஃபைஃபோக்களில் கிரே கோடு போடுவது இதற்காகத்தான், அதில் ஒரு தடவைக்கு ஒரு பிட்தான் மாறும்.

நெல்லையப்பர் ஆனித் தேரில் வடம் பிடித்திருப்பீர்கள். ஆயிரம் பேர் இழுத்தாலும் குரல் ஒன்றுதான், அந்தக் குரலுக்குத்தான் எல்லோரும் இழுக்கிறார்கள். உங்கள் டிசைனிலும் குரல் ஒன்றாக இருக்கட்டும்: 27 மெகாஹெர்ட்ஸ். மற்றதெல்லாம் அந்தக் கிளாக்கில் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் எனேபிள்.

இப்போது டீபவுன்ஸ். அண்ணாச்சி சொன்ன ஆர்சி வடிகட்டலும் ஷ்மிட் ட்ரிக்கரும் நூற்றுக்கு நூறு சரி, கண்டிப்பாகப் போடுங்கள். 20 மில்லிசெகண்ட் மட்டும் இங்கே ஆகாது. அது விரல் அழுத்துகிற பட்டனுக்கான கணக்கு. காற்று மணிக்கு 72 கிலோமீட்டர் அடித்தால் உங்கள் சுவிட்ச் நொடிக்கு 30 தடவை மூடும். ஒரு சுற்றுக்கு 33 மில்லிசெகண்ட். அதில் கால் பங்கு நேரம் மூடியிருக்கிறது என்று வைத்தாலும் 8 மில்லிசெகண்ட்தான். 20 மில்லிசெகண்ட் அசையாமல் இருந்தால்தான் நம்புவேன் என்று டிசைன் சொன்னால், காற்று பிய்த்துக்கொண்டு போகிற நேரத்தில் டிஸ்ப்ளே 0 காட்டும். 16 பிட் கவுன்ட்டர் வையுங்கள். சிங்க்ரனைஸரில் இருந்து வருகிற மதிப்பு, நிலையான மதிப்பில் இருந்து மாறியிருந்தால் கவுன்ட்டர் ஏறட்டும், ஒத்துப்போனால் 0க்குத் திரும்பட்டும். நிரம்பினால் புதிய மதிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். 65,536 கிளாக் என்றால் 27 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2.4 மில்லிசெகண்ட். உங்கள் சுவிட்ச் எவ்வளவு நேரம் துள்ளுகிறது என்று லேப் ஆஸிலோஸ்கோப்பில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். 2.4 போதுமா கூடுதலா என்று அது சொல்லும், நான் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் போர்டில் ஏற்றுவதற்கு முன்னால் டெஸ்ட் பெஞ்சை அழுக்காக்குங்கள். இந்தப் பதிலில் எனக்கு முக்கியம் இதுதான். ஒரு டாஸ்க் எழுதுங்கள்: ஒரு சுற்று என்றால் சுவிட்ச் மூடும்போது சில தடவை ரேண்டமாகத் துள்ளி, பத்து மைக்ரோசெகண்டில் இருந்து முந்நூறு மைக்ரோசெகண்ட் வரை இடைவெளி விட்டு, அப்புறம் நிலையாகட்டும். திறக்கும்போதும் அப்படியே. நேரங்கள் கிளாக்கின் மடங்காக இருக்கவே கூடாது. காற்றின் வேகமும் ரேண்டமாக ஏறி இறங்கட்டும், நடுநடுவே நின்றும் போகட்டும். உண்மையில் எத்தனை சுற்று என்று டெஸ்ட் பெஞ்ச் தனியாக எண்ணி வைத்திருந்து, டிசைன் சொல்கிற மொத்தத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் அந்த இடத்திலேயே நிற்கட்டும். ஒவ்வொரு நொடியையும் தனித்தனியாக ஒப்பிடாதீர்கள். டீபவுன்ஸ் தாமதத்தால் நொடி எல்லையில் ஒரு சுற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும், அது தப்பு அல்ல. பல நொடிகளின் கூட்டுத்தொகை ஒத்துவர வேண்டும். ஜிடிகேவேவைத் திறந்து கண்ணால் பார்த்து "சரியாகத்தான் இருக்கு" என்பதை நான் டெஸ்ட் என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஒரு நொடி என்பது 2.7 கோடி கிளாக். இக்காரஸில் அவ்வளவும் ஓட்டி, வேவ்ஃபார்மைச் சேமிக்கும் விசிடி கோப்பும் எழுதினால் லேப்டாப் திணறும். ஒரு நொடியின் அளவையும் டீபவுன்ஸ் அளவையும் பாராமீட்டராக வைத்து, சிமுலேஷனில் சுருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தொங்கலையும் சிமுலேஷனில் வரவழைக்கலாம். சுவிட்ச் கம்பியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நானோசெகண்டுக்குள் ரேண்டம் தாமதம் கொடுத்து, ஒன்றை "காத்திரு" லாஜிக்குக்கும் மற்றதை "எண்ணு" லாஜிக்குக்கும் மாட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று பிட்டும் 0 ஆகி நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் சிங்க்ரனைஸர் போட யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

அந்த லாட்ச் வார்னிங்: டிகோடரின் கேஸில் 0 முதல் 9 வரை எழுதிவிட்டு 10 முதல் 15 வரை விட்டிருப்பீர்கள். விட்ட இடத்தில் "பழையதையே வைத்திரு" என்று டூல் அர்த்தம் பண்ணி லாட்ச் போடுகிறது. டிஃபால்ட் ஒரு வரி எழுதுங்கள், போய்விடும். வார்னிங்குகளைத் தாண்டிப் போகாதீர்கள் தம்பி. எரர் வந்தால் டூலே வேலையை நிறுத்திவிடும். வார்னிங் வந்தால் டூல் உங்கள் சார்பில் ஒரு முடிவு எடுத்துவிட்டது என்று பொருள், அது என்ன முடிவு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வெரிலாக்கின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். 1984 வாக்கில் கேட்வே டிசைன் ஆட்டோமேஷன் என்ற நிறுவனத்தில் பில் மூர்பியும் பிரபு கோயலும் சேர்ந்து இதை உருவாக்கியது சிமுலேஷனுக்காக. சிந்தசிஸ் பின்னால் வந்து இதே மொழியை எடுத்துக்கொண்டது. ஐட்ரிபிள்இ தரமானது 1995இல்தான். அதனால் சிலிக்கானில் செய்யவே முடியாத பல விஷயங்களை இந்த மொழியில் எழுத முடியும். டிலே எழுதலாம், சிந்தசிஸ் அதைக் கண்டுகொள்ளாது. மொழி ஏற்றுக்கொள்கிறது என்பதற்காகச் சர்க்யூட் இருக்கிறது என்று ஆகாது. அதனால்தான் முதலில் தாளில் ஃபிளாப்புகளை வரையச் சொன்னேன்.

பணகுடி_டர்பைன்

காற்றாலை மெயின்டனன்ஸில் இருக்கிறேன். வெரிலாக் எனக்குத் தெரியாது, கம்பி தெரியும். மாடியில் இருந்து போர்டு வரை எவ்வளவு தூரம்? சாதாரண இரட்டை வயர் இழுத்திருந்தால், வீட்டில் மோட்டார் போடும்போது எண்ணிக்கை எகிறுகிறதா என்று பாருங்கள். ஷீல்ட் உள்ள கேபிள் வாங்கி, ஷீல்டைப் போர்டு பக்கம் மட்டும் கிரவுண்டில் கட்டுங்கள். போர்டுக்குள் இருக்கிற புல்-அப்பை (சுவிட்ச் திறந்திருக்கும்போது கம்பியை 1இல் பிடிக்கும் ரெசிஸ்டர்) நம்பாதீர்கள், அது மெலிந்த புல்-அப். வெளியில் தனியாக ஒன்று போடுங்கள். மோட்டார் வயரோடு சேர்த்து ஒரே பைப்பில் கேபிளை விடவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், மாடியில் நிற்கிற கம்பி அது.

வள்ளியூர்_ஈசிஇ

அக்கா, அண்ணாச்சிமாரே, ரொம்ப நன்றி. சிங்க்ரனைஸர், 16 பிட் டீபவுன்ஸ், டிஃபால்ட் எல்லாம் போட்டாயிற்று. ஜெனரேட்டரை ராத்திரி முழுவதும் ஓடவிட்டேன், தொங்கவே இல்லை. கையால் சுற்றினால் 1 என்றால் 1தான். அக்கா சொன்ன மாதிரி கம்பியை இரண்டாகப் பிரித்துப் பழைய ஸ்டேட் மெஷினை சிமுலேஷனில் ஓட்டினேன். மூன்று பிட்டும் 0 ஆகி நிற்பதைப் பார்த்தேன். கைடைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் அடுத்த வருட லேபில் இதை ஒரு எக்ஸ்பெரிமென்ட்டாக வைக்கப் போவதாகச் சொல்கிறார்.

டர்பைன் அண்ணாச்சி கேட்டது உண்மை. கிணற்று மோட்டார் போடும்போது எண்ணிக்கை இரண்டு மூன்று கூடியது. கேபிள் இன்னும் மாற்றவில்லை, ஆனால் டீபவுன்ஸ் போட்டபின் அது வருவதில்லை. மாற்ற வேண்டுமா?

இன்னொரு கேள்வி அக்காவுக்கு. இதையே டைனி டேப்அவுட்டில் (பலருடைய சின்ன டிசைன்களை ஒரே சிப்பில் சேர்த்துச் செய்து தரும் திட்டம்) கொடுத்து நிஜச் சிப்பாகச் செய்துவிட முடியுமா? கோடில் என்ன மாற்ற வேண்டும்?

பணகுடி_டர்பைன்

மாற்றுங்கள். வடிகட்டி மறைத்திருக்கிறது, சத்தம் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது.

குறுக்குத்துறை

அண்ணாச்சி சொன்னதைத்தான் நானும் சொல்வேன். கேபிளை மாற்றிவிடுங்கள்.

சிப்புக்குக் கேட்டீர்களே, தாராளமாக முடியும். முதலில் அளவு பார்ப்போம். நொடிக் கவுன்ட்டர் 25 பிட், டீபவுன்ஸ் 16, சிங்க்ரனைஸர் 2, நிலையான மதிப்புக்கு ஒன்று, விளிம்பு கண்டுபிடிக்க ஒன்று, இரண்டு பிசிடி இலக்கத்துக்கு (இலக்கத்துக்கு நான்கு பிட்) 8, டிஸ்ப்ளே ரெஜிஸ்டர் 8. மொத்தம் 61 ஃபிளாப். ஸ்கைவாட்டர் என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தின் 130 நானோமீட்டர் லைப்ரரியில் ரீசெட் உள்ள சின்ன ஃபிளாப் ஒன்று சுமார் 25 சதுர மைக்ரான். 61க்கு ஏறத்தாழ 1,500. டைனி டேப்அவுட்டின் ஒரு டைல் 160க்கு 100 மைக்ரான் அளவு, அதாவது 16,000 சதுர மைக்ரான். கேட்டுகளையும் வயரிங்கையும் சேர்த்தாலும் ஒரு டைலில் வசதியாக அடங்கும். அந்த லைப்ரரி அடங்கிய பிடிகேயை (சிப் தயாரிப்புக்கான விவரக் கோப்புகள்) கூகுளும் ஸ்கைவாட்டரும் 2020இல் திறந்துவிட்டதால்தான் வள்ளியூரில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட முடிகிறது. நான் படிக்கிற காலத்தில் லைப்ரரி கோப்பைக் கண்ணால் பார்க்கவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

கோடில் மாற்ற வேண்டியது: இனிஷியல் பிளாக்கில் ரெஜிஸ்டர்களுக்கு ஆரம்ப மதிப்பு கொடுத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். எஃப்பிஜிஏவில் உங்கள் டிசைன் கோப்பான பிட்ஸ்ட்ரீம் ஏறும்போதே அந்த மதிப்பும் ஏறிவிடும், அதனால் நடக்கும். சிப்பில் பவர் வந்ததும் ஃபிளாப்பில் என்ன இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நிலையைச் சுமக்கிற ஃபிளாப் எல்லாவற்றுக்கும் ரீசெட் வேண்டும். டைனி டேப்அவுட் கிளாக்கையும், 0 ஆனால் வேலை செய்கிற ரீசெட்டையும் பின்னாகவே தருகிறது. அப்புறம் 8 உள்ளீடு, 8 வெளியீடு, இரண்டு பக்கமும் போகிற 8 பின். இலக்கம் காட்டுகிற ஏழு கோட்டுக்கும் ஒவ்வொன்றாக, இரண்டு இலக்கத்துக்கும் தனித்தனியாக ஏழு கம்பி என்றால் 14 வேண்டும். இலக்கங்களை மாற்றி மாற்றி ஏற்றினால் 7 கம்பியும், எந்த இலக்கம் என்று சொல்ல ஒன்றும், ஆக 8 வெளியீட்டுக்குள் முடிந்துவிடும்.

சிந்தசிஸ் முடிந்து வருகிற, கேட்டுகளின் பட்டியலான நெட்லிஸ்ட்டை எடுத்து, அதே அழுக்கு டெஸ்ட் பெஞ்சில் மறுபடி ஓட்டுங்கள். கேட் லெவல் சிமுலேஷன். ரீசெட் கொடுக்க விட்டுப்போன ஃபிளாப் இருந்தால் அதன் எக்ஸ் (0ஆ 1ஆ என்று தெரியாத மதிப்பு) டிஸ்ப்ளே வரை பரவி நிற்கும், சட்டென்று தெரிந்துவிடும். சிப் போய்விட்டால் திருத்த முடியாது, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிப் பார்க்கும்போதுதான் தப்பு தெரியும். 1994இல் பென்டியத்தின் வகுத்தல் பிழை இப்படித்தான். அட்டவணையில் சில இடங்கள் காலியாகப் போனதால் சில எண்களுக்கு மட்டும் விடை தப்பியது. சிப்புகளை மாற்றிக்கொடுக்க இன்டெல் 475 மில்லியன் டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. அவர்களிடமும் சிமுலேட்டர் இருந்தது, டெஸ்ட் அந்த இடத்தைத் தொடவில்லை.

வேலைக்குப் போக வேண்டும் என்றீர்கள். டிசைனுக்கு எத்தனை பேர் வேண்டுமோ அதைவிட வெரிஃபிகேஷனுக்கு ஆள் அதிகம் தேவைப்படுகிறது, நான் பார்த்த ப்ராஜெக்ட் எல்லாவற்றிலும் இப்படித்தான். சிஸ்டம்வெரிலாக்கில் அசெர்ஷன் (டிசைன் எப்போதும் மீறக் கூடாத விதி) எழுதப் பழகுங்கள், யூவிஎம் என்ற டெஸ்ட் பெஞ்ச் எழுதும் முறை அப்புறம் தானாக வரும். நேரம் இருந்தால் சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் கோடைத் திறந்து பாருங்கள். அது ப்ளூஸ்பெக்கில் எழுதியது, வெரிலாக் அல்ல, ஆனால் ஒரு ஆர்ஐஎஸ்சி-வி (யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட கட்டளைத் தொகுப்பு) ப்ராசஸர் எப்படிப் பிரித்து அடுக்கப்படுகிறது என்று பார்க்கலாம்.

சிப்புக்குக் கொடுப்பதற்கு முன் இன்னொரு யோசனை. நொடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணினால் உங்கள் அளவு 2.4, 4.8, 7.2 என்று படிப்படியாகத்தான் போகும். கார்த்திகை, மார்கழியில் காற்று மெலிந்தால் 0க்கும் 2.4க்கும் நடுவில் ஒன்றுமே தெரியாது. ஒரு மூடலில் இருந்து அடுத்த மூடல் வரை எத்தனை கிளாக் என்று எண்ணுங்கள். இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்றால் 5.4 கோடி கிளாக், 26 பிட் போதும். நிரம்பிவிட்டால் "காற்று இல்லை" என்று சொல்லி நிற்கட்டும், சுற்றி 0க்கு வரக் கூடாது. வகுத்தலைச் சிப்பில் செய்யாதீர்கள், இடத்தைத் தின்றுவிடும். அந்த எண்ணை அப்படியே யூஆர்ட்டில் (பிட் பிட்டாக அனுப்பும் சீரியல் வழி) லேப்டாப்புக்கு அனுப்புங்கள். 27 மெகாஹெர்ட்ஸை 234ஆல் வகுத்தால் 115,200 பாடுக்கு 0.16 சதவீத வித்தியாசத்தில் வந்துவிடும், அது தாங்கும். எழுதி முடித்ததும் டெஸ்ட் பெஞ்சை இங்கே போடுங்கள். டிசைனுக்கு முன்னால் அதைத்தான் நான் படிப்பேன்.